கொல்லை தாண்டாத துப்பாக்கி

சென்னையில் அந்தத் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் பச்சைத் துணி ஒன்றை விரித்து, அதன்மேல் ரைபிளைக் கிடத்தினார் கடைக்காரர். எண்ணெய் பூசிய இரும்பும் புது பாலிஷும் கலந்த வாசனை எழுந்தது. அண்ணி உடனே அதைத் தொடவில்லை. கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கறவை மாடு வாங்க வந்தவர் மாட்டைப் பார்ப்பதுபோல அதை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிதானமாகப் பார்த்தார். எங்களைத் தன் காரில் அழைத்து வந்திருந்த காண்ட்ராக்டருக்குப் பொறுமை இல்லை. "தூக்கிப் பாரும்மா. பாயின்ட் த்ரீ ஒன் ஃபைவ் ரைபிளு. இதுக்கு மேல போனா வெல எட்டாது, கீழ போனா பிரயோஜனம் இல்ல. எப்பவாவது மலைக்குப் போறதுக்கு இது போதும். கொறையறத நான் போட்டுக்கறேன்" என்றார்.

அண்ணி ரைபிளை எடுத்துத் தோளில் பொருத்தி, சுவரில் இருந்த காலண்டரைக் குறிபார்த்தார். பிறகு இறக்கிவிட்டுக் கடைக்காரரைக் கேட்டார். "இதுல சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போவுங்க?"

"ஒரு மைலுக்கு மேலயே போகும்மா" என்றார் அவர் பெருமையாக.

"எங்க கொல்லைக்கு அந்தாண்ட ஆடு மேய்க்கறவங்க இருக்காங்க. அதுக்கும் அந்தாண்ட ரோட்ல பஸ்ஸு போவுது. எனக்குக் கொல்லையத் தாண்டாத துப்பாக்கியா குடுங்க."

கடைக்காரர் உள்ளே போய் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். குண்டுக்குப் பதிலாகச் சிறு ரவைகள் நிரப்பிய தோட்டா போடுவது. ரவைகள் கொஞ்ச தூரத்திலேயே வலுவிழந்து விழுந்துவிடும் என்றார். உரிமத்தில் இரண்டில் எதை வேண்டுமானாலும் வாங்க இடம் இருந்தது. காண்ட்ராக்டரின் முகம் மாறிவிட்டது. "இதுல மான் வுழாதும்மா" என்றார்.

"மான் வுழணும்னு யாருண்ணே கேட்டா?"

கடைக்காரர் சட்டென்று ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். மான் என்ற சொல்லே தன் காதில் விழவில்லை என்பதற்கு அது அடையாளம். அண்ணி ஒற்றைக்குழலைத் தோளில் வைத்துப் பார்த்தார். தோளில் பொருந்தும் மரக்கட்டை நீளமாக இருக்கிறது, தன் கைக்கு ஏற்றபடி குறைத்துத் தர முடியுமா என்று விசாரித்தார். ரவிக்கைக்கு அளவு சொல்வதைப்போல அவ்வளவு இயல்பாக அவர் பேசிக்கொண்டிருந்தார். அதையே வாங்கிக்கொண்டு செஞ்சிக்குத் திரும்பினோம். மேல்மருவத்தூர் தாண்டியதும் அண்ணி மட்டும் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்.

அந்தத் தூக்கம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சிக்கு மேற்கே, கற்குவியல் போன்ற மலைகளையும் காப்புக்காட்டையும் ஒட்டினாற்போல எங்கள் நிலம்; ஊர்ப் பேச்சில் கொல்லை. எனக்கு டவுனில் மருந்துக்கடை. பயிர் முழுக்க அண்ணன் பொறுப்பு. வேர்க்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி வரும், மான் வரும். அவற்றை வெருட்ட எங்கள் நைனா காலத்திலிருந்தே கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு வீட்டில் இருந்தது. நைனாவுக்குப் பிறகு உரிமம் அண்ணன் பெயருக்கு வந்தது. அண்ணனுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. சின்ன வயதுச் சேர்க்கையான காண்ட்ராக்டர், வீட்டுக்கு முக்கியமான விருந்தாளி வந்தால் துப்பாக்கியை இரவல் கேட்பார், அண்ணன் கொடுத்துவிடுவார். மறுநாள் துப்பாக்கியோடு ஒரு பாத்திரத்தில் கறியும் வரும். அண்ணி அந்தப் பாத்திரத்தை அடுப்படிக்குள் சேர்த்ததில்லை. வேலிக்கு அப்பால் கொண்டுபோய் நாய்களுக்குக் கவிழ்த்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவார்.

ஒருநாள் வனத்துறையினர் ஒரு ஜீப்பை மடக்கினார்கள். உள்ளே செத்த புள்ளிமானும் எங்கள் துப்பாக்கியும் இருந்தன. ஆட்கள் இருட்டில் ஓடிவிட்டார்கள். துப்பாக்கிக்கு ஓட முடியவில்லை. அதன் எண் அண்ணனின் பெயரைச் சொல்லிவிட்டது. யாரிடம் கொடுத்தாய் என்று எப்படியெல்லாமோ கேட்டும் அண்ணன் வாய் திறக்கவில்லை. சிநேகிதம், கூடப் படித்தவன், அவனுக்குப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று என்னென்னவோ மனத்தில் வைத்துக்கொண்டு சிறைக்குப் போனார். ஜாமீனில் வந்தபின் கோர்ட்டுக்கு நடந்தார். வாய்தா வாய்தாவாக நடந்து, ஒரு வாய்தா முடிந்து திரும்புகையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. ஆள் போனதோடு வழக்கும் முடிந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கியவர்களில் முதல் தோள் காண்ட்ராக்டருடையது. அவர் அழுததைப் பார்த்து ஊரே அழுதது. அண்ணி மட்டும் அழாமல் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

வருஷத் திவசப் பூசை முடிந்த வாரம், தன் பெயரில் துப்பாக்கி உரிமம் கேட்கப்போவதாக அண்ணி சொன்னபோது நான் பயந்துபோனேன். வெடி போட்டு விரட்டினால் போதாதா என்றேன். "வெடிச்சத்தம்லாம் பன்னிக்குப் பழகிப்போச்சி தம்பி. அது மட்டும் இல்ல. துப்பாக்கிக்காரன் பொண்டாட்டி, மான் திருடன் பொண்டாட்டின்னு ஊரு பேசுது. அவரு பேர்ல போனது என் பேர்ல திரும்பி வரணும்" என்றார். தாலுகா ஆபீசில் ஒருவர், கணவன்மேல் வழக்கு இருந்ததே என்று இழுத்தார். "கேஸு அவரு மேல. மனு என்னுது" என்று அண்ணி அங்கேயே நின்றார். போலீஸ் விசாரணை, வனத்துறை ஆட்சேபணை என்று மனு போன இடத்திலெல்லாம் உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் காண்ட்ராக்டர் தானாக முன்வந்தார். அவருக்குக் கட்சியில் செல்வாக்கு. எல்லா அறைகளிலும் அவருக்கு நாற்காலி உண்டு. அண்ணனுக்குச் செய்யும் கைம்மாறு என்று சொல்லிக்கொண்டு மனுவை மேசை மேசையாக நகர்த்தினார். இவரிடமா உதவி வாங்குவது என்று நான் கொதித்தேன். "அவரா வந்து அலையறேங்கறாரு. அலையட்டும். எங்க வீட்டுக்காரரு எவ்ளோ அலைஞ்சாரு" என்றார் அண்ணி. குரலில் கோபமே இல்லை. உரிமம் வரும்வரை காண்ட்ராக்டர் அலைந்தார். அது வந்த பிறகுதான் அந்தக் கார் பயணம், அந்த ரைபிள், அந்தத் தூக்கம்.

ரைபிள் கைக்கு வராத கோபத்தில் காண்ட்ராக்டர் சும்மா இருக்கவில்லை. எங்கள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை அவர் நிலத்தின் ஓரமாகப் போவது. அதில் முள்வேலி போட்டார். டிராக்டர் கேட்டால் ரிப்பேர் என்றார்கள். கடலை பிடுங்கும் நேரத்தில் ஊரில் ஒரு ஆள்கூட அண்ணியின் கொல்லைக்கு வரவில்லை. அண்ணி மேல்மலையனூர் பக்கத்திலிருந்து மினிவேனில் பெண்களை அழைத்துவந்து, ஏரிக்கரை வழியாகச் சுற்றி நடத்திக் கூட்டிப்போய்ப் பிடுங்கினார். மூட்டைகளை அதே சுற்றுவழியில் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். நானும் இரண்டு மூட்டை சுமந்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டு கடையில் திரும்பிப் பார்க்க முடியாமல் கிடந்தேன். பங்குச் சாமியார்கூட வீட்டுக்கு வந்து, ஒரே ஊரில் இருக்கிறீர்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகலாமே என்றார். அண்ணி அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, "எத வேணா விட்டுக் குடுக்கறேன் சாமி. துப்பாக்கி விட்டுக் குடுக்கற பொருளா?" என்று கேட்டார். சாமியார் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கு நான் ஊரில் தங்கியிருந்தேன். தேருக்கு முந்தின நாள் மத்தியானம் காண்ட்ராக்டர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மெட்ராஸ்லருந்து பெரிய ஆளுங்க வராங்கம்மா. ஒரே ஒரு நாளு குடு. பொழுது போனா திரும்பி வந்துடும்."

"அதுல மான் வுழாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பெரிய ரவை போட்டா வுழும். லைசென்ஸு வாங்கிக் குடுத்தது யாருன்னு மறந்துட்டியா?"

"மறக்கல. எதுக்கு வாங்கிக் குடுத்தீங்கன்றதயும் மறக்கல. தர மாட்டேண்ணே."

"உன்னோடது ஒண்ணுதான் துப்பாக்கியா ஊர்ல?" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அண்ணி என்னை எழுப்பினார். கொல்லைக்குப் போகலாம் வா என்றார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பில் ஏறியதும் மான்கள் தெரிந்தன. பெரிய கூட்டம், குட்டிகளும் இருந்தன. அடுத்த போகத்துக்கு அண்ணி போட்டிருந்த கடலைச் செடிகளை அவை ஆற அமர மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணிக்கு மான்மேல் பாசம் ஏதும் கிடையாது. நாசமாப் போறதுங்க என்று தினமும் வைகிறவர். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி என் தோளைத் தொட்டுக் காட்டினார். மலையடிவாரத்தில் சீத்தை முள் புதருக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைகள் அசைந்தன. காண்ட்ராக்டரின் வெள்ளைச் சட்டை நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் ஒருவன் நாட்டுத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, கூட்டம் இன்னும் நெருங்கட்டும் என்று காத்திருந்தான்.

அண்ணி தோட்டாவைப் போட்டு, துப்பாக்கியை நேராக வானத்துக்குத் தூக்கிச் சுட்டார். மலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வருவதற்குள் மான் கூட்டம் வேலியைத் தாண்டிப் பாறைகளுக்கிடையில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தோட்டா போட்டு மறுபடியும் சுட்டார். கொல்லை காலியானது. சத்தம் கேட்டு ஏரிக்கரையிலிருந்தும் கோயில் பந்தலிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். காண்ட்ராக்டர் புதரைவிட்டு வெளியே வந்தார். சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது.

"இன்னாம்மா காரியம் பண்ண?" என்று கத்தினார்.

"என் கொல்லையில மான் மேஞ்சிது. ஓட்டுனேன்" என்றார் அண்ணி. வந்து கூடியவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அடுத்ததைச் சொன்னார். "நீங்க இன்னாண்ணே இந்நேரத்துக்குப் பொதருக்குள்ள?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் அந்த நாட்டுத் துப்பாக்கியின் மேல் இருந்தது. அதை வைத்திருந்தவன் அதைத் தன் காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். அன்று தேர் எங்கள் தெருவுக்கு வந்தபோது காண்ட்ராக்டரின் வீட்டு விருந்தாளிகள் பிராய்லர் கோழி தின்றதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரமே அண்ணிமேல் புகார் போனது. ஆட்கள் நடமாடும் இடத்தில் பொறுப்பில்லாமல் சுட்டார், உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்று. விசாரணைக்கு நானும் கூடப் போனேன். காண்ட்ராக்டர் எங்களுக்கு முன்பே வந்து அதிகாரியின் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணியை உட்காரச் சொல்லவில்லை. அண்ணி அங்கே கிடந்த நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எதற்காகச் சுட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். பயிரைக் காப்பாற்ற, வானத்தைப் பார்த்து, என் நிலத்தில் நின்று சுட்டேன் என்றார் அண்ணி. அந்த இடத்தில் ஆட்கள் இருப்பது தெரியாதா என்று அடுத்த கேள்வி வந்தது.

"தெரியும் சார். இன்னார் இன்னார் இருந்தாங்க, கையில இன்னா வெச்சிருந்தாங்கன்னு சொல்லட்டுமா? அதுக்கும் முன்னாடி ஒரு ஜீப்புல யாரார் இருந்தாங்கன்னும் எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு பேரு சொல்லாம செத்தாரு. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

அதிகாரி பேனாவை மூடாமல் காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் போனில் ஏதோ வந்துவிட்டதுபோல எழுந்து வெளியே போனார். மறுநாள் புகாரை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பெயர்களை அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். "சொல்லிட்டா அதோட முடிஞ்சிடும் தம்பி. எப்ப சொல்வேனோன்னு இருக்கட்டும்" என்றார். என் அண்ணனின் மௌனம் அவரைக் கொன்றது. அதே விஷயத்தில் அண்ணியின் மௌனம் இன்னொருவரின் தூக்கத்தை இன்றுவரை கெடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

வண்டிப்பாதையில் இருந்த முள்வேலியை யார் எடுத்தார்கள் என்று தெரியாது, ஒருநாள் இல்லை. அண்ணி இன்னமும் கடலைதான் போடுகிறார். மான்கள் இன்னமும் வந்து பாதியைத் தின்கின்றன. அரசாங்கம் தருகிற நஷ்டஈடு பாதிச் செடிக்கும் காணாது என்று அதற்கும் ஒரு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

போன தேர்தலுக்கு, உரிமம் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அண்ணியை என் வண்டியில் அழைத்துப்போனேன். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பாதிப் பேருக்கு நரைத்த மீசை. அண்ணி நடுவில் நின்று, முறை வந்ததும் துணி உறையைப் பிரித்துத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். எண்ணைச் சரிபார்த்த இளம் கான்ஸ்டபிள் நல்ல பிள்ளை. வெயிலில் வந்திருக்கிறாரே என்ற அக்கறையில்தான் சொன்னான்.

"எலெக்‌ஷன் முடிஞ்சதும் நீங்க அலைய வேணாம்மா. வீட்ல யாரையாவது அனுப்புங்க, குடுத்துடறோம்."

"யார் வந்து கேட்டாலும் குடுக்காத தம்பி" என்றார் அண்ணி. "நான் வருவேன்."