செருப்புப் போட்ட பேய்

போன சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு வருட உழைப்பு அவள் மடியில் இருந்தது.

சிறுவர்களுக்காக ஒரு மர்ம நாவல் எழுதியிருக்கிறேன். பத்மநாபபுரம் மாதிரி ஒரு மர அரண்மனை, இறந்தவர்களைக் காட்டும் கண்ணாடி, ஒரு பேய், துப்பறியும் சிறுமி... இந்த வகைக்குக் கோதிக் ஃபேன்டஸி என்று பெயராம். எடிட்டர் போனில் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார் — ஸ்பீடு போதாது, நாலு அத்தியாயத்தை வெட்டுங்கள், இல்லாவிட்டால் புத்தகம் வராது.

நாலு அத்தியாயமா? மல்லுக்கட்டி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அந்த வயதுக் குழந்தை ஒன்று படிக்கட்டும். நடுவில் கீழே வைத்தால் வெட்டுகிறேன். வைக்காவிட்டால் அவர் வாயைத் திறக்கக் கூடாது.

அப்படித்தான் நாகர்கோவிலில் அண்ணன் வீட்டுக்குப் பிரிண்ட் அவுட்டோடு போனேன். அண்ணன் மகள் ஷைனி ஏழாம் வகுப்பு. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவள், மூன்றாம் அத்தியாயத்தில் நிமிர்ந்தாள்.

"அத்தே, அந்த புரொபசர்தானே பேயி?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஓலைச்சுவடி திருடுவதற்காகப் பேய் வேஷம் போடும் வெளியூர்ப் பேராசிரியர் — பதினெட்டாம் அத்தியாயம் வரை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் அது.

"ஏன் மக்கா அப்படிச் சொல்லுக?"

"மரப்படியில டக் டக்குன்னு செருப்புச் சத்தம் கேட்டுன்னு எழுதியிருக்கீங்கல்லா. அரண்மனைக்குள்ள யாரு செருப்பு போடுவா? ஸ்கூல்ல பத்மநாபபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பம் வாசல்லயே கழத்தச் சொன்னாவ. கதையில மத்தவங்க எல்லாம் நம்ம ஊர்க்காரங்க, கழத்திட்டுத்தான் ஏறுவாவ. வெளியூருன்னா அவரு ஒருத்தருதான்."

செம க்ளூ. ஒரே பிரச்னை, அதை நான் வைக்கவே இல்லை. பயமுறுத்துவதற்காகச் சும்மா எழுதிய சத்தம். பத்துத் தடவையாவது அந்த அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தவள் நான். எழுதும்போது மட்டும் பேயின் காலில் மாட்டிவிட்டிருக்கிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு சாவி, பன்னிரண்டில் ஒரு மைக்கறை என்று பார்த்துப் பார்த்து வைத்த க்ளூ எல்லாம் இனி யாருக்கு?

விடை தெரிந்த பிறகு எந்தக் குழந்தை படிக்கும்? தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கையை நீட்டினேன்.

"சரி, தா மக்கா. அதான் யாருன்னு சொல்லிட்டல்லா."

அவள் காகிதங்களை இழுத்து அணைத்துக்கொண்டாள். "சும்மா இருங்க அத்தே. நான் சொன்னது சரியான்னு பாக்கண்டாமா?"

சரியா தவறா என்று நான் சொல்லவில்லை. சாவி வந்தபோது "அதானே" என்றாள். மைக்கறை வந்தபோது தொடையில் தட்டிக்கொண்டாள். சாப்பிட அண்ணி மூன்று முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. எடிட்டர் வெட்டச் சொன்ன நாலு அத்தியாயங்களும் விறுவிறுவென்று ஓடின. விடை தெரியாததால்தான் குழந்தைகள் பக்கம் புரட்டுகிறார்கள் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். தான் சொன்னது பலிக்கிறதா என்று பார்ப்பதற்கு அதைவிட வேகமாகப் புரட்டுவார்கள் போல.

நாலு மணிக்குக் கடைசிப் பக்கம். எனக்கு அப்பாடா என்று இருந்தது... அவள் முகம்தான் கடுகடுவென்று இருந்தது.

"என்ன மக்கா, பிடிக்கலியா?"

"கதை எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில அந்தப் பிள்ள தான்தான் கண்டுபிடிச்சேன்னு பெருமையடிக்கா. மூணாவது அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சது நான்லா?"

உடனே எடிட்டருக்குப் போன் போட்டேன்.

"கதைக்கு ஸ்பீடெல்லாம் போதும் சார். கதாநாயகிதான் கொஞ்சம் ஸ்லோ."