பல்கனி அடுப்பும் பதினெட்டு வருடமும்

விற்கப்போகும் வீட்டுக்கு மின்பரிசோதனை செய்யப் போவது, கல்யாணம் பேசி முடித்த வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பது போன்ற தொழில். தேநீர் தருவார்கள். நல்லதாக நாலு சொல் சொல்லிவிட்டு வேளைக்கு எழும்பிப் போய்விட வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள். ஒஸ்லோவில் பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களே, வாகனம் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் இருக்கிறவர்களே, அடுத்தவருக்கு 'பெயில்' என்று எழுதிச் சம்பளம் வாங்குகிற என் சாதி சனமே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. போன வருடம் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு வீடு என்னை நாலு தரம் படி ஏற்றியது.

ஊரிலை எவடம்?

மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. சிவபாதம் அண்ணை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி மலர் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அதனால் ஹவுகெட்டோவில் நிலமட்டத்தில் ஒரு வீடு பேசி முடித்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் இது விற்றால்தான் அது கிடைக்கும்.

குசினி வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அலுமாரிக்குப் பின்னால் அடுப்புக்குப் போகும் வயரை வெட்டி, இன்னொரு வயரைப் பொருத்தி, ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றி, சுவரில் ஓட்டை போட்டுப் பல்கனிக்கு இழுத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட அந்தப் பல்கனியில் இரண்டாவது அடுப்பு. மீன் பொரித்த மறுநாள் பஸ்ஸில் தன் ஜாக்கெட்டைத் தானே மோந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எனக்கும் தெரியும். யார் செய்தது என்று கேட்டேன். "எங்கட ஆள் ஒருத்தர்" என்றார். அனுமதி பெற்ற மின்னியலாளர் தரும் பேப்பர் இருக்கிறதா என்றேன். அதற்குப் பதிலாக, நான் ஊரிலே எவடம் என்று கேட்டார். சொன்னேன். அம்மாவின் தகப்பன் பெயர்வரை போய்விட்டார். நான் அறிக்கையில் சிவப்புக் குறி போட்டேன். அதைப் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பி ஆறுதலாகச் சொன்னார்:

"எங்கட பக்கத்துப் பிள்ளை எண்டபடியால் ஒண்டோடை விட்டது. வேறை ஆள் எண்டால் எத்தினை போட்டிருக்குமோ."

ஆட்சேபணை

ஆறுதல் ஒரு நாள்தான் நின்றது. பிறகு இரண்டு பக்கத்தில், இலக்கம் போட்டு, பிழையில்லாத நொர்வேஜியன் மொழியில் ஆட்சேபணைக் கடிதம் வந்தது. வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் மெஷினோடு ஏழு வருடம் நின்ற தனக்கு மின்சாரம் புதிதல்ல என்பது முதலாவது. பரிசோதகர் அந்த அடுப்பில் எதையும் சமைத்துப் பார்க்காமலே முடிவுசெய்தார் என்பது நாலாவது.

போன் எடுத்து விளக்கினேன். ஒரு வயரில் இரண்டு அடுப்பு எரிந்தால் பொருத்திய இடம் சூடேறும், சூடேறினால் ரேப் இளகும், இளகினால் சுவர் பற்றும் என்று. காப்புறுதி விற்க வந்தவரைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டார். முடிவில் ஒரே ஒரு கேள்வி:

"பதினெட்டு வருஷம் எரியாத வயர், நீர் பாத்த உடனை எரியப்போகுதோ?"

இரண்டாவது கண்

அண்ணை வேறொரு பரிசோதகரை அனுப்பச் சொல்லிக் கேட்டார். கோரெ வந்தார். எங்கள் அலுவலகத்தில் மூத்த நொர்வேஜியர், குறைவாகப் பேசுகிறவர். இடத்தைக் காட்ட நானும் போனேன். சிவபாதம் அண்ணை நிரூபணத்துக்கு ஆயத்தமாக இருந்தார். உள் அடுப்பில் தேநீர் கொதிக்க, பல்கனி அடுப்பில் மலர் அக்கா வடை சுட்டார். எதுவும் எரியவில்லை. கோரெ நாலு வடை சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு என் சிவப்புக் குறியைச் சரி என்றார். அதோடு போயிருக்கலாம். பியூஸ் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே மூன்று கோடு சாம்பல், நடுவில் காய்ந்த சந்தனம். சரஸ்வதி பூசையன்று பிள்ளைகளின் கொப்பிக்கும் கம்பியூட்டருக்கும் வைத்த கையோடு, எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கிற பெட்டிக்கும் மலர் அக்கா வருடாவருடம் வைத்தது. கோரெ குனிந்து எழுதினார்: 'பெட்டியினுள் சாம்பல். காரணம் தெரியவில்லை.' இரண்டாவது சிவப்பு. ஒன்றை எடுக்கக் கேட்டவருக்கு இன்னொன்று. நான் திருநீற்றின் மகிமையைப் பத்து நிமிடம் நொர்வேஜியனில் விளக்கினேன். என் பள்ளிக்கூடச் சமய பாடத்தில்கூட அவ்வளவு பேசியதில்லை. அவர் ஐந்தாவது வடையை எடுத்தபடி சொன்னார்:

"புனிதமானது என்றும் சேர்த்து எழுதுகிறேன். ஆனால் பெட்டியைத் துடைக்கத்தான் வேண்டும்."

உருகிய துண்டு

வீட்டை விற்றுத்தரும் மெக்லர் சட்டப்படி இரண்டு சிவப்பையும் விளம்பரத்தோடு போட்டார். வீடு காட்டும் நாளில் மூன்று சோடி வந்தது. ஒருவர் குசினிச் சுவரில் காதை வைத்துக் கேட்டாராம். யாரும் விலை சொல்லவில்லை. நாலு கிழமைதான் மிச்சம்.

அந்த நாட்களில் ஒருமுறை ஸ்டூவ்னர் கடைத்தெருவில் மலர் அக்காவைக் கண்டேன். நாலே நாலு படி. கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொன்றாக இறங்கினார். என்னைக் கண்டதும் சிரித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போகும்வரை எனக்கு என் தொழிலே பிடிக்கவில்லை.

அனுமதி பெற்ற ஆளைக் கொண்டு திருத்துங்கள், அல்லது கழற்றுங்கள் என்றுதான் நான் எழுதியிருந்தேன். சிவபாதம் அண்ணை ரோசத்தில் கழற்றச் சொன்னார். நான் மறுபடி பார்க்கப் போன நேரம் மின்னியலாளர் ரேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே பொருத்திய இடம் உருகி ஒரு கட்டியாகியிருந்தது. பின்சுவரில் உள்ளங்கை அளவுக்குக் கருகல். அந்தத் துண்டை மின்னியலாளர் சிவபாதம் அண்ணையின் கையில் வைத்தார். அண்ணை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்:

"இது நீர் வந்து போனாப் பிறகு உருகினது."

அடுப்பு எங்கே?

புதிய அறிக்கையில் ஒரு சிவப்பும் இல்லை. இரண்டாவது முறை வீடு காட்டியபோது சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அறைகளைப் பார்க்கவில்லை, குளியலறையைப் பார்க்கவில்லை. நேரே பல்கனிக்குப் போய் நின்றார்கள் என்று மலர் அக்கா போனில் சொன்னார். முதல் விளம்பரத்தை அவர்கள் வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். மற்றவர்களை ஓடவைத்த என் வரிதான் அவர்களை அழைத்து வந்திருக்கிறது. வெறும் சுவரைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டதாம்.

"பால்கனில அடுப்பு இருக்குன்னு ரிப்போர்ட்ல படிச்சுட்டுதாங்க வந்தோம். அதையா கழட்டிட்டீங்க?"

நாலாவது தரம்

அடுப்பைத் திரும்பப் பூட்டித் தந்தால் வாங்குகிறோம் என்றார்கள். பூட்டினார்கள். அதே மின்னியலாளர், புது வயர், தனிப் பியூஸ், கையெழுத்துப் போட்ட பேப்பர். ஒரு வயரில் இரண்டு அடுப்பு எரிப்பதன் ஆபத்தைப் பற்றி சிவபாதம் அண்ணை வாங்குகிறவர்களுக்கு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்ததாகக் கேள்விப்பட்டேன். பெரும்பாலும் என் வசனங்கள்தான்.

கடைசியாகப் பார்க்கப் போனேன். வாங்குகிறவர்களின் கையில் வீட்டுத் திறப்பைக் கொடுக்க இன்னும் மூன்று நாள். சிவபாதம் அண்ணை பெட்டிகளை இறக்கக் கீழே போயிருந்தார். எல்லாம் ஒழுங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மலர் அக்கா திரும்பப் பூட்டிய அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். கையைச் சுவரில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். என்ன அக்கா என்றேன்.

"பதினெட்டு வருஷமும் பொரிச்சு முடிய இந்தச் சுவரைத் தொட்டுப் பாத்திட்டுத்தான் சாப்பிட இருக்கிறனான், பிள்ளை. அவருக்குச் சொன்னதில்லை. இப்ப சுடாது எண்டு தெரியுது, ஆனால் பொரிக்கப்போறது நான் இல்லை."

நாங்கள் வீட்டை ஒழுங்காகத் திருத்துவது, அதில் இனி இருக்கப்போவது வேறு ஆட்கள் என்று முடிவான பிறகுதான்.