பயத்துக்கு இரண்டு மருந்து

கனகராயன்குளத்துப் பக்கம் எங்களைக் குடியேற்றிய ஐந்தாம் வருடம், குளத்தின் மதகான துருசைத் திறந்து பூட்டும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் கவனமானவன் என்று வயல்காரர் நினைத்தார்கள். அது கவனமல்ல, பயம். அறுவடைக்கு முன் குளம் வற்றிவிடுமென்று, வயல்களுக்கு முறை வைத்து விடும் தண்ணீரை எப்போதும் நேரத்துக்கு முந்தியே பூட்டிவிடுவேன். வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அது ஒரு கைம்பெண்ணின் வயல். கதிர் வரும் பருவத்தில் அவருடைய பயிர் சுருண்டது.

"அடுத்த முறையும் தண்ணி போகாட்டி, அவவுக்கு இந்தப் போகம் பதர்தான்," என்று வயல்காரர் கூட்டத்தில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

நித்திரை போயிற்று. மேல்நாட்டு மனவைத்தியப் புத்தகங்கள் படிக்கும் ஆஸ்பத்திரி வைத்தியர், அப்போதிக்கரி ஒருவரிடம் போனேன்.

"உமக்குள்ளை நீர் பூட்டி வைச்ச ஒராள் இருக்கிறான். அவனோடை கதையும். அவனையும் சேர்த்துக்கொண்டால்தான் நீர் முழு ஆள்."

கதைத்துப் பார்த்தேன். வற்றிய கிணற்றடியில் குடத்தோடு நின்ற சிறுவயது நான்தான் அங்கே இருந்தேன். தண்ணீர் சுமக்கத்தான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டது. காரணம் தெரிந்ததும் பயத்துக்கு இன்னும் துணிவு வந்துவிட்டது.

நெளுக்குளத்தில் தங்கியிருந்த சாமியாரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "முழு ஆளோ? ஆளே இல்லையெண்டு காணத்தானே இவ்வளவு பாடும். பயப்பிடுறது ஆரெண்டு பார்."

ஒருவர் என்னைப் பெரிதாக்கச் சொன்னார். மற்றவர் இல்லாமலாக்கச் சொன்னார். இரண்டில் எது பிழை என்பது புதுக் கவலையாயிற்று.

முறை நாள் காலையில் துருசைத் திறந்தேன். மத்தியானம் குளம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. கை தானாகத் துருசின் சக்கரத்தைப் பிடித்தது. உள்ளே இருந்தவனைக் கேட்டேன், "பூட்டு" என்றான். பயப்படுவது யார் என்று கேட்டேன். கேட்டபடியே பிடியை இறுக்கினேன்.

கடைசி வயல்காரி மண்வெட்டியோடு குளக்கட்டில் ஏறி வந்தார்.

"என்ன அண்ணை, சக்கரத்தைப் பிடிச்சுக்கொண்டு தவமோ?"

"பயமாக் கிடக்கு, தங்கச்சி. பயப்பிடுறது ஆரெண்டு பாக்கிறன்."

"ஆராயிருந்தா எனக்கென்ன? கையை எடுங்கோ. தண்ணி இன்னும் என்ரை வரம்புக்கு வரேல்லை."

எடுத்தேன். அங்கேயே நின்றால் பூட்டிவிடுவேன் என்று தெரிந்ததால் அவர் பின்னால் வாய்க்கால் வழியே நடந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"பாக்கலாம். போகத்தான் கூடாது," என்றார்.

பொழுது சாயத் தண்ணீர் அவருடைய வயலுக்குள் இறங்கியது. சுருண்டதில் எவ்வளவு நிமிரும் என்று அவருக்கும் தெரியாது. குனிந்து பயிரைத் தடவிக்கொண்டிருந்தார். நான் குளம் இன்னும் எத்தனை விரல் இறங்கியிருக்குமென்று பயந்தபடி வரம்பில் குந்தியிருந்தேன்.