எட்டு போல்ட்டும் பத்து நிமிடமும்

என் அக்கா வீட்டுக்காரர் பதினைந்து வருட வளைகுடா வாழ்க்கையில் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் அந்தக் கார். பழைய வண்டிதான். ஆனால் பெரிய என்ஜின், பின்சக்கர இழுவை. லீவில் ஊருக்கு வருகிற ஒரு மாதமும் அதைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதுமாகவே இருப்பார். அக்கா அந்தக் காரைத் தன் சக்களத்தி என்பாள்.

அந்த வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நின்ற இடத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால் பின்சக்கரங்கள் ஓடாமல் டங் டங்கென்று தரையில் குதிக்கும். அதன் பின்பக்க சஸ்பென்ஷன், சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக ஏறி இறங்குகிற வகை. ஒவ்வொரு சக்கரத்தையும் சில இரும்புக் கைகள் பிடித்திருக்கும். அந்தக் கைகளின் மூட்டில் இருக்கிற ரப்பர் உருளையைத்தான் புஷ் என்போம். புஷ் தொளதொளத்துப் போனால் டயர் தரையைப் பிடித்ததும் கை முறுக்கிக்கொண்டு பின்வாங்கும், டயரின் பிடி விடும், மறுபடி பிடிக்கும். அப்படியே விட்டால் ஒருநாள் ஆக்ஸில் முறியும்.

சென்னையில் காட்டியபோது வண்டியை ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். அதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. விருத்தாசலத்தில் இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிற நான் எதற்கு இருக்கிறேன்?

"எதுக்கு மாமா மெட்ராஸு? நல்ல கெட்டியான புஷ்ஷா வரவழைச்சுக் குடுங்க. நாலே நாள்ல மாத்தித் தரேன்" என்றேன். என் வாய் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும்.

நாலு நாளும் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தேன். பக்கத்து ஷெட்டில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை அச்சில் அழுத்தி எடுக்கிற கை பிரஸ்ஸில் வைத்துப் பழைய புஷ்களைத் தள்ளி எடுத்து, புதியவற்றை ஏற்றினேன். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டுகளைக் கையால் மட்டும்தான் திருகி வைக்க வேண்டும். வண்டி தன் எடையோடு தரையில் நின்ற பிறகே முழுக்க இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் முறுக்கின நிலையிலேயே மாட்டிக்கொண்டு கிழிந்துவிடும். பக்கத்துக்கு நாலாக எட்டு போல்ட்டையும் கையால் திருகி வைத்திருந்தேன். ஜாக்கியிலிருந்து இறக்கி, பின்னாலிருக்கும் குழிமேல் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி இறுக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்று வெள்ளிக்கிழமை. ஜாக்கியை இறக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா பெட்டியும் கையுமாக வந்துவிட்டாள். மறுநாள் சென்னையில் ஒரு கல்யாணம். கூடவே மாமாவும் அவர்களுடைய ஆறு வயதுப் பெண்ணும். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. பாடத்தில் எப்படியோ, நேரம் பார்ப்பதில் அவளை யாரும் அசைக்க முடியாது.

"டேய், பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி கெளம்பிடணும்."

இன்னும் அரைமணி வேலை இருக்கிறது என்று நான் வாயெடுப்பதற்குள் நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எங்கள் பக்கத்தில் பழம் வைத்துவிட்டால் வண்டி அதை நசுக்கிக்கொண்டு முன்னால்தான் போக வேண்டும். பின்னால் எடுக்கக் கூடாது. குழியோ பின்னால் இருந்தது. சரி, ஒரு சுற்று போய்விட்டு முன்பக்கமாகவே உள்ளே வந்து குழிமேல் நிற்கட்டும், மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லவில்லை. கற்பூரம் ஏற்றினார்கள், மாமா செல்போனில் படம் பிடித்தார், "மெட்ராஸ்காரன் ஒரு மாசம் கேட்டான், எம் மாப்ள நாலு நாள்ல முடிச்சுட்டான்" என்று தெருவில் நின்றவர்களிடம் சொன்னார். அந்தப் புகழ்ச்சியில் நான் சொக்கிப் போய் நின்றேன். போதாததற்குப் பெரிய மெக்கானிக் தோரணையில் ஒரு வார்த்தை வேறு: "கெட்டி புஷ்ஷு மாமா, கொஞ்ச நாளைக்குப் பின்பக்கம் சத்தம் வரும். கண்டுக்காதீங்க." பழங்கள் நசுங்கின, வண்டி கிளம்பியது. எங்கள் சந்தில் பள்ளத்தையெல்லாம் உடைந்த பீங்கான் கொட்டித்தான் நிரப்பியிருக்கிறார்கள். அதன்மேல் எந்த வண்டி போனாலும் கடகடக்கும், அதனால் எனக்கு எதுவும் வித்தியாசமாகக் கேட்கவில்லை.

சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் வெள்ளைப் பெயிண்ட் டப்பா கண்ணில் பட்டது. இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின்மேலும் ஒரு வெள்ளைக்கோடு போடுவது என் வழக்கம். டப்பாவின் மூடி திறக்கப்படவே இல்லை. எட்டு போல்ட்டில் ஒன்றைக்கூட இறுக்கவில்லை.

அப்போதே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். லாக் நட்டுதானே, லேசில் கழன்றுவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சென்னை வரைக்கும் தாங்கும், திரும்பி வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி இறுக்கிவிடலாம். டீ வந்தது, அதையும் குடித்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டினால் நாலுவழிச் சாலை, அங்கே மாமா மிதிக்காமல் இருக்க மாட்டார், பின்சீட்டில் பிள்ளை இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சத்தம் கேட்டாலும் வண்டியை நிறுத்த மாட்டார். கண்டுக்காதீங்க என்று சொல்லி அனுப்பியதே நான்தானே? அது உறைத்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் போயிருந்தது.

மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவும் எடுக்கவில்லை. ஸ்பேனர் பையையும் பெயிண்ட் டப்பாவையும் பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மங்கலம்பேட்டை சாலையில் ஒரு கரும்பு டிராக்டர் வழிவிடாமல் போனது. அந்த டிரைவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு வளைவிலும் ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கிற காரைப் பார்க்கப்போகிறோம் என்று பயந்தேன். காணாதபோது, இன்னும் தூரம் போய்விட்டார்களே என்று அதைவிட அதிகம் பயந்தேன்.

மங்கலம்பேட்டை கடைகளைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு கும்பல். நடுவில் அந்தக் கார். மாமாவோடு வளைகுடாவில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் அந்த ஊர்க்காரர். வீட்டுக்கு அழைத்து ஜூஸ் கொடுத்துவிட்டு, வண்டி பாய்வதைப் படம் பிடிக்கப் போனோடு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பின்சீட்டுக் கண்ணாடியில் பிள்ளையின் தலை தெரிந்தது.

பைக்கைக் கொண்டுபோய்க் காருக்குக் குறுக்கே போட்டேன்.

"இன்னா மாப்ள, பைத்தியமா உனக்கு?" என்று மாமா கத்திக்கொண்டே இறங்கினார்.

"பின்பக்கம் போல்ட்டு எதையும் இறுக்கல மாமா. மறந்துட்டேன்." எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னேன்.

பக்கத்து மரக்கடையில் நாலு கனத்த பலகை கேட்டு வாங்கி, அடியில் நுழைய இடம் கிடைப்பதற்காக வண்டியை அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தினோம். அடியில் படுத்துப் பார்த்தேன். வலதுபக்க நட்டு ஒன்று கழன்று கழன்று போல்ட்டின் நுனிக்கு வந்திருந்தது. இன்னும் இரண்டு சுற்றில் விழுந்திருக்கும். எட்டையும் இறுக்கி, எட்டிலும் வெள்ளைக்கோடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்ப ஞாபகம் வந்துச்சு உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க போயி கால்மணி ஆனதுக்கப்புறம்."

"ஒடனே கெளம்பிட்டியா?"

"இல்ல. பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன்."

"எதுக்குடா?"

நான் பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு உளுந்தூர்பேட்டை பஸ் வந்தது, கையைக் காட்டி நிறுத்திப் பிள்ளையோடு ஏறிப் போய்விட்டாள்.

மாமா மட்டும் வண்டியில் உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். பின்சக்கரங்கள் ஒரு துள்ளல்கூட இல்லாமல் தரையைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தன. கும்பல் கைதட்டியது. நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது.

அக்கா என்னோடு பேசுகிறாள், போனால் சோறு போடுகிறாள். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை. பதில் எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தப் பத்து நிமிடமும் நான் பயந்துகொண்டிருந்தது அவள் பிள்ளைக்காக அல்ல, என் பேருக்காக.