உரக்கச் சொல்ல வேண்டிய பெயர்

கந்தசாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பார்க்கின்சன் வந்த விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பாதி முறத்தில் விழும், பாதி சட்டையில். உருவும்போதே "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொல்வேன். அந்த நோய் கையோடு நிற்காது, குரலையும் தின்றுவிடும். பேசுகிறவருக்குத் தாம் கத்துவதாகத் தோன்றும். நமக்கு வெறும் காற்றுதான் வரும்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஹூஸ்டன் பக்கத்து எண்ணெய் ஆலைகளில் பாதுகாப்பு வால்வுகளைச் சோதித்தே ஓய்வு பெற்றார். மனைவி இல்லை. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் மகள் வான்மதியோடு இருக்கிறார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிவியில் செய்தி ஓடினால் அவருக்குப் பிரஷர் ஏறும்.

"ஏனுங்கக்கா, வால்வைத் தொறக்கறவனே இன்ஸ்பெக்‌ஷன் கையெழுத்தும் போட்டா பிளாண்ட் என்னாகுமுங்க? பிரசிடெண்டும் அந்தக் கட்சி, ரெண்டு சபையும் அந்தக் கட்சி. அவரு ஆர்டர் போடறாரு, இவங்க தலையாட்டறாங்க."

"நீங்களுந்தான் தலையாட்டறீங்க. மாத்திரை நேரம் ஆச்சு," என்றேன். சிரித்துவிட்டார்.

எங்கள் தொகுதிப் பிரதிநிதியும் ஆளுங்கட்சியான ரிபப்ளிகன்தான். ஆனால் பிரசிடெண்ட் கேட்ட ஓர் அதிகாரத்துக்கு, அந்தக் கட்சியில் அவர் ஒருவர் மட்டும் 'நோ' என்று வாக்களித்தார். அவரைக் கழற்றிவிட, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலில் வேறொருவர் நின்றார். இங்கே எப்போதும் அந்தக் கட்சிதான் ஜெயிக்கும் என்பதால் பிரைமரிதான் தேர்தல். டெக்சஸில் யாரும் எந்தக் கட்சி பிரைமரியிலும் வாக்களிக்கலாம், ஆனால் ஒன்றில்தான். எந்தக் கட்சி என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும்.

கந்தசாமி குடியுரிமை வாங்கியதிலிருந்து எதிர்க்கட்சியான டெமாக்ரட்டிக் பக்கம். வான்மதி அந்தக் கட்சிக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறவள். இந்த முறை தாம் நினைத்திருப்பதை என்னிடம் மட்டும் சொன்னார்; அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தேர்தலன்று வாக்குச்சாவடிக்கு வான்மதிதான் காரை ஓட்டினாள். நடக்க முடியாதவர்களுக்காக ஊழியர் காருக்கே வருவார். வந்த பெண் எந்தக் கட்சி என்று கேட்டாள்.

"டெமாக்ரட்டிக்," என்றாள் வான்மதி, அப்பாவுக்கும் சேர்த்து.

அவர் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் திரும்பி நடந்தாள். பின்சீட்டிலிருந்து நான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓட்டு அவருடையது.

"மூச்சை இழுங்க. கீரை உருவும்போது சொல்ற மாதிரி," என்றேன்.

"நோ! ரிபப்ளிகன்!"

பார்க்கிங் லாட்டே திரும்பிப் பார்த்தது.

"அப்பா! அவங்களுக்கா? பைத்தியமா உங்களுக்கு?"

"அவங்களுக்கில்ல அம்மிணி, 'நோ' சொன்ன ஆளுக்கு. பிளாண்ட்ல ஒரு வால்வாச்சும் வேலை செய்யோணுமில்ல?"

"அப்ப எங்க கேண்டிடேட்டுக்கு ஒரு வோட்டு போச்சு."

"போச்சு," என்றார். பிறகு தம் வாக்கைப் போட்டார்.

அன்றைக்கே முடிவு வந்துவிட்டது. 'நோ' சொன்னவர் தோற்றார்.

மறுநாள் காலை வான்மதி காபியை அவர் முன் வைத்தாள். "உங்க வோட்டும் வேஸ்ட், என் சண்டையும் வேஸ்ட்." கோபத்தில் பாதிதான் மிச்சம் இருந்தது.

அவர் போனைக் காட்டினார். "அந்தாளு ஆபீஸுக்குப் போடு அம்மிணி. தோத்தாலும் ஜனவரி வரைக்கும் சீட்டு அவருதுதான்."

அவள் நம்பரைத் தேடிப் போட்டாள். வாய்ஸ்மெயில் வந்தது. நான் அவர் முதுகை நிமிர்த்தி உட்காரவைத்தேன். மூச்சை இழுத்து, தம் பெயரையும் தெருவையும் ஆங்கிலத்தில் சொன்னார். போவதற்குள் இன்னொரு தடவை 'நோ' சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். வாசல் வரை கேட்டது.

கீரை முறத்தை அவர் மடியில் வைத்தேன். அன்றைக்கு 'ஆ' சொல்லச் சொல்லவில்லை.