சாவி வெளியே வந்த நேரம் 5.48

இதைப் படித்துவிட்டு "அன்னைக்கு ராங்கெல் நல்லா ஏத்திக்கிட்டிருப்பான்" என்று சொல்லப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. வண்டி எடுக்கிற நாளில் நான் பாட்டில் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அன்று வந்த அழைப்புகள், நிமிஷக் கணக்கோடு, இன்னும் என் போனில் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள். காட்டுகிறேன்.

என் கடை இருப்பது வீதின் என்ற ஊரில். பல்கேரியாவின் வடமேற்கு மூலை, டான்யூப் ஆற்றங்கரை. பூட்டு ரிப்பேர், சாவி, முக்கியமாகக் கார் சாவி. எங்கள் பக்கம் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. எல்லோரும் இத்தாலி, ஸ்பெயின் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். "பூட்டுக்காரனுக்கு நல்ல வேட்டைதானே" என்று சிலர் கிண்டல் செய்வார்கள். ஆள் இருந்தால்தானே ஐயா சாவி தொலையும்!

என் மனைவியும் மகளும்கூடப் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகம் பார்ப்பதோடு சரி. என் கதையை யாரும் கேட்கவில்லை, தெரியும். ஆனால் அன்று அந்த மனிதருக்காக நான் ஏன் அப்படி மல்லுக்கட்டினேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன்.

டிசம்பர் 5, வியாழக்கிழமை. மாலை 4.26. போன் அடித்தது.

"கார் சாவி வரமாட்டேங்குது தம்பி. உள்ளேயே மாட்டிக்கிச்சு."

வயதான குரல். பெயர் மெத்தோடி என்றார். எனக்குள் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் கையால் கியர் மாற்றும் வண்டியில் ஓட்டிப் பழகியவர்கள். வண்டியை நிறுத்தினால் முதல் கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியை உருவிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து பழைய ஆட்டோமேட்டிக் கார்களாக வந்து குவிகின்றன. அதில் கியர் லிவரை 'பி', அதாவது பார்க்கிங், என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் பூட்டு சாவியை விடும். அதை மறந்துவிட்டு சாவியோடு குஸ்தி போடுவார்கள். எனக்கு வரும் அழைப்பில் பாதி இதுதான்.

"லிவர் 'பி'யில இருக்காண்ணே?"

"நான் என்ன நேத்தா பொறந்தேன்? எம் பொண்டாட்டி நெவேனா ஒவ்வொரு லீவுக்கும் வந்து திட்டித் திட்டி, இப்போ தூக்கத்துலகூட எங் கை 'பி'க்குத்தான் போவுது."

அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"தம்பி... அவ இத்தாலியில ஆஸ்பத்திரியில கெடக்கா. ரெண்டு நாளா நெனவே இல்ல. ஆறேகாலுக்கு எனக்கு பஸ். பெட்டி, அடையாள அட்டை, டிக்கெட் எல்லாம் டிக்கிக்குள்ள. டிக்கி அந்தச் சாவி போட்டாத்தான் தொறக்கும். அடுத்த பஸ் ஞாயித்துக்கிழமைதான். அதுவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

நான் குளிர்கோட்டைக்கூடச் சரியாக மாட்டவில்லை. கிளம்பிவிட்டேன்.

5.04. நெடுஞ்சாலை ஓரம். மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றின் மதில். இத்தாலி போகிற பஸ் அங்கேதான் நின்று ஆள் ஏற்றும். ஆற்றிலிருந்து ஏறி வந்த பனிமூட்டத்தில் பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. இருபது அடி தள்ளி பஸ் நிழற்குடை. அதன் சுவர் முழுக்கப் படத்தோடு இறப்பு அறிவிப்புகள். எங்கள் ஊர்களில் அது சகஜம். பஸ்ஸுக்கு நிற்பவர்களைவிடச் சுவரில் இருப்பவர்கள்தான் அதிகம்.

மெத்தோடிக்கு எழுபது இருக்கும். நல்ல உயரம். ஷேவ் செய்து, டை எல்லாம் கட்டியிருந்தார். மனைவியைப் பார்க்கப் போகிறவர் அல்லவா.

"பதினோரு வருஷம் தம்பி," என்றார். "அங்க கெழவிகளைப் பாத்துக்கிற வேலை. வருஷத்துல ஒரு மாசம் வருவா. இந்த கோடையோட முடிச்சிட்டு வந்துடறேன்னு ஒவ்வொரு வருஷமும் சொல்லுவா."

 எங்கள் நாட்டு வண்டிகளில் இடது பக்கம் இருக்கும் டிரைவர் சீட்டில் ஏறினேன்.

"அஞ்சு ஐம்பது வரைக்கும் பாக்கறேண்ணே. வரலைன்னா கடப்பாரையால டிக்கியப் பேத்துடலாம். கவலைப்படாதீங்க."

அவர் இத்தாலியில் அம்மாவோடு இருந்த மகளுக்குப் போன் போட்டுக்கொண்டே நிழற்குடைக்குப் போனார்.

லிவர் 'பி'யில்தான் இருந்தது. கிழவர் பொய் சொல்லவில்லை. பிரேக்கை மிதித்தேன். லிவரைக் கீழே கொண்டுபோய்த் திரும்ப 'பி'க்குத் தள்ளினேன். ஸ்டியரிங்கை இடதும் வலதும் ஆட்டினேன். பூட்டுக்குள் வழுக்குவதற்காக கிராஃபைட் தூள் ஊதினேன். சாவி பாதிவரை திரும்பும். அதற்கு மேல் நகராது. தேய்ந்த சாவியும் இல்லை. மாட்டிய சாவி எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். இது மாட்டிய மாதிரி இல்லை. பிடித்துவைத்த மாதிரி இருந்தது.

5.21.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் வரும் சத்தம். சிவப்பு விளக்கும் எரிந்தது.

பக்கத்து சீட்டைப் பார்த்தேன். காலி. பை இல்லை, கோட்டு இல்லை, ஒரு கைக்குட்டைகூட இல்லை.

தலையை வெளியே நீட்டினேன். "இந்த சீட்ல ஏதாவது வெச்சிருந்தீங்களாண்ணே?"

"அதுல நான் எதுவும் வெக்க மாட்டேன்," என்றார் பனிக்குள்ளிருந்து. "அது நெவேனா சீட்டு."

பழைய வண்டி. சீட்டுக்கு அடியில் ஏதோ ஒயர் ஈரமாகியிருக்கும். இதற்கெல்லாம் என்னிடம் மருந்து உண்டு. எங்கள் ஆட்களுக்குப் பெல்ட் போடுவதும் பிடிக்காது, இந்தச் சத்தமும் பிடிக்காது. அதனால் பெல்ட் இல்லாமல் அதன் நாக்கை மட்டும் தனியாக வாங்கிப் பூட்டுக்குள் சொருகிவிடுவார்கள். என் பையில் நாலைந்து எப்போதும் கிடக்கும். ஒன்றை எடுத்துச் சொருகினேன். க்ளிக். சத்தம் நின்றது.

கீழே இறங்கினேன். கதவோரம் முழங்கால் போட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது.

5.29.

க்ளிக்.

தலையை நிமிர்த்தினேன். நான் சொருகிய நாக்கு வெளியே வந்து சீட்டின் மேல் கிடந்தது.

டிங்... டிங்... டிங்...

சரியாகப் பூட்டவில்லை போல. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி சொருகக் கையை நீட்டினேன்... ஏனோ அந்த சீட்டுக்கு மேலே கையைக் கொண்டுபோக மனசு வரவில்லை. சத்தம் பாட்டுக்கு அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

5.33. லிவர் 'பி'யில் இல்லை. ஒரு கட்டம் கீழே வந்திருந்தது.

பிரேக்கை மிதிக்காமல் அந்த லிவர் நகரவே நகராது. அதற்கென்றே உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. என் கால் இரண்டும் வெளியே சேற்றில் இருந்தன. முழங்கால் போட்டிருந்தேன்.

எழுந்து உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்தேன். 'பி'க்குத் தள்ளினேன். சாவியைத் தொடுவதற்குள்...

டக்.

மறுபடி கீழே.

"அண்ணே!"

 நிழற்குடைக்குள் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். லைன் கிடைக்கவில்லை போல. "அலோ... அலோ..." என்று அவர் கத்துவது மட்டும் கேட்டது.

5.40.

பக்கத்து சீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்ன மங்கல். உள்ளங்கை அளவு. உள்பக்கம்.

அது சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பத்து எண்ணினேன்.

அது நிற்கவில்லை.

எனக்கு இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், வெட்கமில்லை. ஒரு காலை வெளியே வைத்தும்விட்டேன். அப்போதுதான் டை கட்டிய அந்த மனிதர் கண்ணில் பட்டார். இவர் இன்று போகாவிட்டால் அவளை உயிரோடு பார்க்க முடியாது. என் பயத்துக்காக ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பார்க்காமல் போவதா?

காலை உள்ளே எடுத்தேன்.

5.46.

பிரேக்கை அழுத்தி மிதித்தேன். வலது கையால் லிவரை 'பி'க்குத் தள்ளினேன். கையை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டேன். இடது கை சாவியில்.

லிவர் என் கையை எதிர்த்துத் தள்ளியது.

இயந்திரம் தள்ளுவது எனக்குத் தெரியும். ஸ்பிரிங் ஒரே சீராகத் தள்ளும். இது அப்படி இல்லை. நடுங்கியது. தளர்ந்தது. மறுபடி முட்டியது...

அதில் பலமே இல்லை. நோயாளியின் கை மாதிரி.

டிங்... டிங்... டிங்...

நான் பலசாலி. முப்பத்தெட்டு வயது. பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு தள்ளினேன்.

இன்னும் தள்ளினேன்.

திடீரென்று... எதிரே ஒன்றுமே இல்லை.

சாவி என் கையோடு வந்துவிட்டது.

5.48.

சத்தம் நின்றது. விளக்கு அணைந்தது. கண்ணாடியில் மங்கல் இல்லை.

அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. என் வீட்டில்கூட.

டிக்கியைத் திறந்தேன். பெட்டி, அட்டை, டிக்கெட். நெவேனாவுக்கு என்று ஒரு ஜாடி காட்டுரோஜாப் பழ ஜாம். மெத்தோடி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"தெய்வம்டா நீ. உன்னாலதான் அவள உயிரோட பாக்கப் போறேன்."

உள்ளே நடந்ததை நான் சொல்லவில்லை. போகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை. பஸ் 6.34க்கு வந்தது. பத்தொன்பது நிமிஷம் தாமதம். ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார். பனி பஸ்ஸை விழுங்கியது. அந்தக் கார் பக்கம் திரும்பிப் பார்க்காமல் என் வண்டியில் ஏறினேன். வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றேன். மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 9.10. இத்தாலி நம்பர்.

"தம்பி, நாந்தான் மெத்தோடி."

குரலைக் கேட்டதுமே புரிந்துவிட்டது.

"நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுப்பா. நான் பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. வழியில வர்ற மனுசன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு மக மறைச்சிட்டா."

 அவர் தானாகவே சொல்லிக்கொண்டு போனார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும்.

"ரெண்டு நாளா அசையாம கெடந்தவ தம்பி. வியாழக்கெழம நாலு இருபத்தொண்ணுக்கு இடது கை மட்டும் கட்டில் கம்பியப் புடிச்சிக்கிச்சாம். புடிச்சுத் தள்ளிக்கிட்டே இருந்தாளாம். ரெண்டு நர்ஸ் சேர்ந்தும் விரலைப் பிரிக்க முடியல. கிட்டத்தட்ட அரை மணி நேரம். நாலு நாப்பத்தெட்டுக்கு கை அப்படியே தொங்கிடுச்சு. அவ்வளவுதான்."

இத்தாலி நேரம் எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால்.

விரல்விட்டுக் கூட்டினேன். 5.21. 5.48.

"கடைசியில ரெண்டு வார்த்தை பேசினாளாம்," என்றார். "நம்ம பாஷையில. நர்சுங்களுக்குப் புரியல. மகதான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கா."

"என்ன... சொன்னாங்க?"

"'அந்த ஆளு ரொம்பத் தள்ளுறான் மெத்தோடி. கையை எடுக்கச் சொல்லு.' இதேதான். அந்த ரூம்ல ஆம்பளையே இல்லியாம் தம்பி. யாரைச் சொல்லியிருப்பா?"

"தெரியலண்ணே," என்றேன்.