பின்கண்ணாடியில் இரண்டு ஓட்டை

என் கணவர் கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கல்வராயன் மலையில் யாருக்காவது மோட்டார் நின்றுபோனால் பைக்கை எடுத்துக்கொண்டு இவரே மேலே போவார். திரும்பும்போது ஓடையில் கிடக்கும் வழவழப்பான கற்கள் இரண்டு மூன்று கருவிப் பைக்குள் இருக்கும். கூடத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மேலே மீன், கீழே அலமாரிக்குள் தண்ணீரை வடிகட்ட இன்னொரு சின்னத் தொட்டி. பின்கண்ணாடியின் மேல்பக்கத்தில் இரண்டு ஓட்டை. ஒன்றின் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். இன்னொன்றின் வழியாக மோட்டார் அதை மேலே ஏற்றும். எனக்கு இதைப் பழைய ரேஷன் அட்டையின் பின்புறத்தில்கூட வரைந்து காட்டியிருக்கிறார்.

சேலத்தில் சொல்லி, ஓட்டை போட்டே வாங்கினோம். தொட்டி வந்து இறங்கிய வாரத்தில்தான் அவருக்குப் புற்றுநோய் என்று பரிசோதனை முடிவும் வந்தது. அதன்பிறகு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். தொட்டி கூடத்தில் காலியாக நின்றது. துவைத்த துணிகளை மடித்து அதற்குள்தான் போட்டு வைத்திருந்தேன்.

மருந்து ஏற்ற ஏற்ற அவருடைய விரல்கள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். தலைமுடி மாதிரி இருக்கும் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பிழைத்த கை அது. கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, "தொட்டிய மாட்டிடலாமா?" என்றார்.

"உடம்பு தேறட்டுங்க."

"தேறினப்புறம்னு சொல்லிக்கினே இருந்தா எப்போ மாட்றது? நீ கைய குடு. நான் சொல்றேன்."

துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டேன். தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளிவைக்க எதிர்வீட்டு அண்ணன் வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார். இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பையிலிருந்து இரண்டு டேங்க் நிப்பிளை எடுத்துக் கொடுத்தார். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் பைப் புகும் இடத்தில் மாட்டுவார்களே, அதுதான். ஒரு பக்கம் அகலமான விளிம்பு, அதையொட்டி ரப்பர் வாஷர், மறுபக்கம் இறுக்குவதற்கு நட்.

"வாஷர் தண்ணி இருக்கிற பக்கம் வரணும். வெளியில போட்டா நட்டு சுத்துற மரை வழியா கசியும்."

உள்ளே கையை விட்டு ஒன்றை நுழைத்தேன். வெளிப்பக்கம் நட்டைச் சுற்றினேன்.

"ஸ்பேனர் வேணாம். கையாலயே இறுக்கு. நின்னதுக்கப்புறம் கொஞ்சூண்டு. ஜாஸ்தி போனா கண்ணாடி விரிசல் வுட்டுடும்."

"கொஞ்சூண்டுன்னா எவ்வளவுங்க?"

திரும்பிப் பார்த்தேன். காற்றில் விரல்களை வளைத்து, எதையோ பிடித்து இறுக்குவதுபோல் செய்துகொண்டிருந்தார். "அது கைக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டையும் மாட்டி, பைப்புகளைச் சேர்த்து, ஓஸ் போட்டுத் தண்ணீர் விட்டோம். ஓட்டைக்கு மேலே தண்ணீர் ஏறியதும் அவர் எழுந்து வந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் வைத்துப் பார்த்தார்.

"காய்ஞ்சிருக்குது. ரெண்டுமே."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அவருடைய விரலைப் பார்த்தேன். நுனியில் தண்ணீர் உருண்டு, உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

சட்டைக் கை நனைந்த பிறகுதான் அவரே குனிந்து பார்த்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈரமா இருக்குதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் அழுதேன். திரும்பி வந்தபோது அவர் ஓஸை எடுத்துத் தொட்டித் தண்ணீரை வாளியில் இறக்க ஆரம்பித்திருந்தார். வாயால் உறிஞ்சியதில் இருமல் வந்து கண் சிவந்திருந்தது.

"கழட்டிப் பாரு. வாஷர் உக்கார்ற எடத்துல இன்னாவோ இருக்குது."

கழற்றி, ஓட்டையைச் சுற்றி விரலால் தடவினேன். கண்ணாடி ஒட்டும் பசை ஓரிடத்தில் துளி அளவுக்கு இறுகிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. பிளேடால் சுரண்டி, துடைத்து, மறுபடியும் மாட்டினேன். இந்தத் தடவை நட்டு நின்ற பிறகு இன்னும் எவ்வளவு என்று நான் அவரைக் கேட்கவில்லை. தண்ணீர் விட்டு, கீழே செய்தித்தாளை விரித்தோம். சாயங்காலம் வரை தாளில் ஒரு சொட்டு இல்லை.

மீன் விட்டோம். மலைக் கற்களை வேகவைத்து அடியில் பரப்பினேன். கூடத்திலேயே அவருக்குக் கட்டிலைப் போட்டோம். வலி கம்மியாக இருக்கும் நாட்களில் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசுவார். பிறகு பேச்சு குறைந்தது. நெல் அறுவடை முடிந்து கரும்பு லாரிகள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மத்தியானம், போய்விட்டார்.

சாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ, தண்ணீர்ச் சத்தம் வேண்டாம் என்று மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரியவே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது பாதி மீன்கள் மிதந்தன.

இப்போது சின்னசேலத்தில் வாடகைக்கு இருக்கிறேன். மாடி வீடு, அத்தனை பாரத்தை வைக்க வீட்டுக்காரர் ஒப்பவில்லை. சங்கராபுரத்தில் இருந்து ஒருவர் வந்து தொட்டியை எடுத்துப் போனார். நல்ல மனிதர், மிச்ச மீன்களையும் வாளியில் பத்திரமாகக் கொண்டுபோனார். போன வாரம், "தொட்டி நல்லா ஓடுதுங்க அக்கா, பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். நன்றி என்று எழுதிவிட்டேன். வீடியோவை இன்னும் திறக்கவில்லை.